ரப்பர் மரமும் வெட்டுக் கத்தியும்

மோட்டார் டயரிலும் வைத்தியர் அணியும் கையுறையிலும் ரப்பர்ப் பால் சேர்ந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அந்தப் பால் யாருடைய தோட்டத்திலிருந்து வருகிறது? பெருந்தோட்டத் துரைமார்களின் பயிர் என்று நினைப்போர் இன்னும் உண்டு. 1902-ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் இப்பயிர் தொடங்கிய காலத்துக்கு அது பொருந்தும். இன்றோ, இந்தியாவில் விளையும் ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிறு குடியானவர்களின் நிலத்திலிருந்தே கிடைக்கிறது. கோட்டயம் பக்கத்திலும் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலும் ஒன்றிரண்டு ஏக்கர் ரப்பரை நம்பிக் குடித்தனம் நடத்துவோர் அநேகர்.

நிலத்தை விஸ்தரிக்க இவர்களுக்கு வழியில்லை. உள்ள மரங்களிலேயே பாலைப் பெருக்க வேண்டும். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட 105-ஆம் எண் ஒட்டு ரகம் இவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதமாயிற்று. எனினும், நட்ட கன்று பால் வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் காத்து வளர்த்த மரத்தின் பிற்கால வாழ்வு, கத்தி பிடிக்கும் கையைப் பொறுத்தது.

பால் நாளங்கள் பட்டையின் உட்புறத்தில் நெருங்கியிருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, புதுப் பட்டையை உண்டாக்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இப்பாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். மேலோடு நின்றால் பால் குறையும். ஆழப் பாய்ந்தாலோ, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே செவ்வையாக வெட்ட இயலாது.

விலை ஏறினால் ஆசையும், விலை விழுந்தால் வறுமையும் நாள்தோறும் வெட்டத் தூண்டுகின்றன. ஓயாமல் பால் இழக்கும் மரத்தில் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் நோய் மிகுகிறது. மூன்று நாளைக்கொரு முறை வெட்டினால் மரம் இளைப்பாறுகிறது; பட்டை நீடிக்கிறது; ஒவ்வொரு வெட்டுக்கும் கிடைக்கும் பாலும் கூடுகிறது. மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் கட்டிவிட்டால், வீணாகும் நாட்களும் பலன் தரும்.

இத்தனைக்கும் தேர்ந்த கை வேண்டும். 1947-ஆம் ஆண்டு ரப்பர் சட்டத்தின் வழியே தோன்றிய ரப்பர் வாரியம், பால் வெட்டும் தொழிலைக் கற்பிக்கப் பயிற்சிப் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. ஆனால் எத்தனை மரம் வெட்டினாய் என்று கேட்டே கூலி தரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் அவசரந்தான் வளரும். வைகறை இருளில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் செல்லும் தொழிலாளி, நிதானமாக வெட்டினாலும் வயிறார உண்ண வேண்டும். மரத்துக்கு இடும் உரத்தைப் போலவே அந்தக் கூலியும் விளைச்சலுக்கு இடும் முதல் என்பதே நமது துணிபு.