மேசனின் வண்டியும் சோளகக் காற்றும்

புங்குடுதீவில் கட்டட வேலைக்கு இறங்கும் இளைஞர் ஒருவர் வாகனம் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால், பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை மூட்டை ஏத்தும்?' என்றுதான். லீற்றருக்கு எவ்வளவு ஓடும், உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. யாழ்ப்பாண நகரத்துக் கராஜ்காரர் வேறு மாதிரி. "தீவுப்பக்கம் ஓடின வண்டியோ தம்பி? அப்ப முதல் அடியைப் பாப்பம்" என்றபடி குனிந்துவிடுவார். என் கணிப்பில் சரியான இடத்தில் பார்ப்பவர் அவர்தான். தீவில் ஓடும் வண்டியின் ஆயுளில் பாரத்துக்கு இருக்கும் பங்கைவிட உப்புக்கு இருக்கும் பங்கு பெரியது.

பாதையை யோசித்துப் பாருங்கள். பண்ணைப் பாலத்தால் வெளிக்கிட்டு, மண்கும்பான், வேலணை தாண்டி, வாணர் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல். மடத்துவெளியால் உள்ளே வந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால் மறுபடியும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் பாலத்தில் போகும் வண்டியின் கண்ணாடியில் மெல்லிய வெள்ளைப் படலம் பிடிக்கும். தெறிக்கும் அலைத்தண்ணீர் அதில் ஒரு பங்குதான். அலை உடையும் இடத்தில் எண்ணற்ற நுரைக்குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் வெடிக்கும்போது நுண்ணிய துளிகளை மேலே எறிகிறது. துளியின் தண்ணீர் காற்றில் வற்ற, உப்பு மட்டும் மிதந்து வருகிறது. பெரிய துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே விழுந்துவிடும். கண்டியில் இருப்பவருக்கு இது நிம்மதி தரும் செய்தி. கடலை விட்டு அதிகம் விலகிப் போக இடமில்லாத தீவில் அந்த நிம்மதிக்கு வழியில்லை.

வண்டியின் அடியில் படிந்த உப்பு காய்ந்து கிடந்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் அது காய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கறியுப்போடு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதனே போதும். அவ்வளவு வறண்ட காற்று எங்கள் பக்கத்தில் எப்போது வீசுகிறது? மழையே இல்லாத ஆடி மாதத்தில், போர்ட்டிகோவில் நிறுத்திய வண்டியின் அடித்தகடு இரவு முழுக்க நனைந்தபடியே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நீர்ப்படலம் மின்னைக் கடத்தும். இரும்பு துருப்பிடிக்க வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

துரு எங்கே தொடங்குகிறது என்பது இன்னும் வியப்பானது. 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு சின்னச் சோதனை செய்தார். மினுக்கிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு துளி உப்புத்தண்ணீர். இரும்பு கரைந்தால் நீலமாகவும், காரத்தன்மை உண்டானால் இளஞ்சிவப்பாகவும் நிறம் காட்டும் இரசாயனங்களை அதில் சிறிது கலந்தார். கொஞ்ச நேரத்தில் துளியின் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் வந்தது. நடுவில் நீலம் பரவியது. விளிம்பில் தண்ணீர் மெல்லியது, காற்றிலுள்ள ஒட்சிசன் எளிதாக உள்ளே வரும். நடுவில் அது குறைவு. அந்த வேறுபாடே ஒரு துளியைக் குட்டி மின்கலமாக்கிவிடுகிறது. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி இரும்பு கரைந்து குழியாகிறது.

இதை வண்டிக்குப் பொருத்திப் பார்த்தால் கராஜ்காரர் ஏன் மட்காட்டுக்குள் கையை விட்டுச் சேற்றுக்கட்டியைப் பெயர்க்கிறார் என்பது விளங்கும். வெளியே தெரியும் தகடு ஓரளவு தப்பிவிடும். சேறும் சீமெந்துத் தூளும் அடைந்து காற்று புகாத மூலை, சேஸியின் பெட்டி வடிவ உட்புறம், இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று படியும் மடிப்பு ஆகியவைதான் முதலில் போகும். மேசன் வண்டிக்கு இந்தச் சேறு தொழிலோடு வருவது.

அப்படியானால் கழுவிவிடலாமே? கழுவலாம், எந்தத் தண்ணீரால் என்பதுதான் பிரச்சினை. தீவின் பல கிணறுகள் உவர். குடிக்கவே பவுசரை எதிர்பார்க்கும் வீடுகள் இருக்கும் இடத்தில் உவர்த்தண்ணீரை அடித்து அடியைக் கழுவினால், சேறு போகும், உப்பு திரும்ப வரும். சிலர் கழிவு ஒயிலைப் பூசுகிறார்கள். ஒயில் தண்ணீரை அண்டவிடாது என்பது உண்மை. ஆனால் றப்பர் புஷ்களை அது ஊதவைக்கும், மழைக்குச் சொட்டி நிலத்திலும் இறங்கும். கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் தீவில் அது வேண்டாத வேலை. சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்த பிறகு குடாநாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதால் அடியைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு கலந்த அடிப்பூச்சு அடிப்பது மேல். சாமான் ஏற்றும் பெட்டிக்கு நாகம் பூசிய தகடு நல்லது. நாகம் இரும்பைவிட இலகுவில் தாக்கப்படும் உலோகம் என்பதால், கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

இனிப் பாரத்துக்கு வருவோம். மணல் இங்கே கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த மணலில் அது ஏறத்தாழ நாலரை தொன். இந்தியாவில் 2005இல் வந்து, எங்கள் ஊர்களில் பட்டா என்ற பெயரில் ஓடும் சின்ன டாட்டா லொறியின் முதல் வடிவம் இரண்டு சிலிண்டர், 16 குதிரை வலு, முக்கால் தொன் சுமை. பதினைந்து சீமெந்து மூட்டை ஏற்றினால் கணக்கு முடிந்தது. ஒரு கியூப் மணலுக்கு ஆறு நடை ஓட வேண்டும். இரண்டு நடையில் முடிக்கப் பார்த்தால் வில்லுத்தகடு முறியும். (ஈரமணலைக் கியூப் கணக்கில் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: மணிகளுக்கிடையே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாமல் தள்ளிவைப்பதால், சற்று நனைந்த மணலின் கனவளவு கால்வாசி வரை கூடிவிடும். நீங்கள் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.)

இதற்காகப் பெரிய டிப்பர் வாங்கலாமா? அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்திய வீதிச் சோதனையிலிருந்து பொறியியலாளர்கள் ஒரு விதியைப் பெற்றார்கள்: அச்சின் மேலுள்ள சுமை இரட்டித்தால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். ஊர் ஒழுங்கைகள் டிப்பர் வந்துபோன பிறகு நொறுங்கிக் கிடப்பது இதனால்தான். தவிர, புங்குடுதீவின் வேலையில் பெரும்பகுதி தினமும் மணல் பறிக்கும் வேலையில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளைக் கோயில் திருவிழாவுக்கு முன் திருத்த வேண்டும்: குழாய், வயர், ஓடு, பெயின்ற். அதற்குத் தேவை ஆயுதப்பெட்டியும் ஏணியும் நாலைந்து மூட்டையும் ஏற்றும் வண்டி. அத்திவாரம் வெட்டும் நாளில் டிப்பரை வாடகைக்குப் பிடித்தால் போதும். மணல் ஒழுங்கைக்குள் கல்லும் மண்ணும் இழுக்க லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. மெதுவாகப் போகும், ஆனால் பல்லுச்சில்லுகள் அதன் சின்ன இயந்திரத்தின் முறுக்குவிசையைப் பல மடங்காக்கிக் கொடுக்கும். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ வேலை எடுப்பவருக்கு எந்த வண்டியும் குறிகட்டுவான் வரைதான். அதற்குமேல் வள்ளமும் தோளும்.

இயந்திரம் எளிமையாக இருப்பது நல்லது என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஊறியது, காரணத்தோடுதான். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இன்றைய கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்களில் இந்த வித்தை பலிக்காது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டில் வரிசையில் நின்றவர்களுக்குக் குறைவாகக் குடிக்கும் வண்டியின் அருமை தெரியும்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் முழுமையாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் கைமாறிக்கொண்டே இருந்தன, பூச்சும் மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே வாங்கப் போகிறவர் ஒரு காந்தமும் ஒரு திருப்புளியும் கொண்டுபோவது நல்லது. கதவின் அடிவிளிம்பு, மட்காட்டு ஓரம், பெட்டியின் மூலை என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள்; ஒட்டாத இடத்தில் தகடு போய்ப் பட்டி நிரப்பியிருக்கிறது. பிறகு கீழே படுத்து, திருப்புளியின் பிடியால் சேஸியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும். சத்தம் மொத்தென்று இறங்கும் இடத்தில் நுனியால் ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே போனால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.