நாலு பேர்… அஞ்சு டிக்கெட்! தெரியுமா?

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முன்னால் நின்று கோல் அசைப்பவர் கிடையாது, மைக்கும் கிடையாது. மேற்கத்திய சங்கீதத்தில் ‘ஸ்ட்ரிங் குவார்டெட்’ என்றால் அவ்வளவுதான். ஆனால், அந்த நால்வர் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்கிறார்களே, அந்தப் பயணத்தில் எத்தனை ஆச்சரியங்கள்!

செல்லோவும் ஒரு பயணி!

நால்வர் விமானம் ஏறினால் டிக்கெட் ஐந்து வாங்க வேண்டும், தெரியுமா? ஐந்தாவது செல்லோவுக்கு! சரக்கோடு சரக்காகப் போட்டால் உடைந்துவிடும் என்று, பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஜன்னலோர இருக்கைதான். அவசரத்தில் யாருக்கும் வழியை மறிக்கக் கூடாதே! அமெரிக்காவில் 2015-ல் அமலுக்கு வந்த விதிப்படி, இருக்கை வாங்கிய வாத்தியம் 165 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ வரை இருக்கலாம்.

குதிரை வண்டியில் நாலு சகோதரர்கள்!

இந்தப் பயணக் கச்சேரிகளுக்கு வழி போட்டவர்கள் யார் தெரியுமா? ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ம்யூலர் சகோதரர்கள். நால்வரும் கூடப் பிறந்தவர்கள்! 1830-களில், ரயில் பரவாத அந்தக் காலத்திலேயே ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு ஒரு சகோதரரின் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து அடுத்த குழுவைத் தொடங்கிவிட்டார்கள்!

குளிர் வந்தால் வயலின் வாய் திறக்கும்!

இன்று வெயில் ஊர், நாளை பனி ஊர். மனிதர்கள் கோட்டு போட்டுக்கொள்ளலாம், மரம் என்ன செய்யும்? பனிக்காலத்தில் ஹீட்டர் போட்ட அரங்கில் காற்று வறண்டு மரம் சுருங்குகிறது. தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கிச் சுருதி இறங்குகிறது. புழுக்கமான ஊரில் அதே பிருடை உப்பி, திருப்பவே முடியாமல் இறுகிவிடுகிறது. வறட்சியைச் சமாளிக்க ஈரப் பஞ்சு வைத்த மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். தண்ணீரில் முக்கி, சொட்டுக்கூட வடியாதபடி பிழிந்து, வெளியே துடைத்து, வயலின் மார்பில் இருக்கும் துளை வழியாக உள்ளே இறக்கிவிடுவார்கள். வாத்தியம் உள்ளிருந்தே ஈரம் பெறும்!

இதைவிட வியப்பு ஒட்டுப் பசையில் இருக்கிறது. வயலினின் மேல் பலகையை ஒட்டுவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. அது வேண்டுமென்றே மரத்தைவிட பலவீனமாக வைக்கப்படுகிறது! மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுத்துவிடும். திரும்ப ஒட்டிவிட்டால் வாத்தியம் பிழைத்தது. முந்நூறு வருஷத்து வயலின்கள் இன்றும் ஊர் சுற்றுவதில் இந்தப் பசைக்கும் பெரிய பங்கு உண்டு.

வாத்தியத்துக்கும் பாஸ்போர்ட்!

பழைய வில்களின் நுனியில் யானைத் தந்தத் துண்டு இருக்கும்; சிலவற்றின் கைப்பிடியில் ஆமை ஓடு இருக்கும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப்படி இவற்றை எல்லை தாண்டிக் கொண்டுபோகச் சான்றிதழ் வேண்டும். நாட்டுக்கு நாடு மனுப் போட்டு அலைய வேண்டாம் என்று, மூன்று ஆண்டுகள் செல்லும் வாத்தியச் சான்றிதழுக்கு 2013-ல் வழி செய்தார்கள்.

பாகனினியின் நான்கு செல்வங்கள்!

ஸ்ட்ராடிவாரி செய்த நான்கு வாத்தியங்கள்: 1680, 1727 ஆண்டுகளின் வயலின்கள், 1731-ன் வியோலா, 1736-ன் செல்லோ. நான்கும் ஒரு காலத்தில் வயலின் மேதை பாகனினியிடம் இருந்தவை. இன்று ஜப்பானின் நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தம். பூட்டி வைத்தார்களா? இல்லவே இல்லை! டோக்கியோ குவார்டெட்டுக்கு 1995 முதல் 2013 வரை இரவல் கொடுத்தார்கள். உலகம் முழுக்க அவை ஒலித்தன!

புடாபெஸ்ட் குழுவில் ஹங்கேரியரே இல்லை!

1917-ல் புடாபெஸ்டில் பிறந்த குழு. ஆட்கள் ஒவ்வொருவராக மாறி, 1936-க்குள் நால்வருமே ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்கள் என்றாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை! எப்படி வாசிப்பது என்று கருத்து வேறுபட்டால்? ஓட்டெடுப்புதான்!

முள்வேலிக்குள் முளைத்த நட்பு!

அமாடியஸ் குவார்டெட்டின் மூவர், ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து போன ஆஸ்திரிய யூத இளைஞர்கள். எதிரி நாட்டவர் என்று கருதி அவர்களைப் பிரிட்டிஷ் அரசு முகாம்களில் அடைத்தது, அங்கேதான் அறிமுகம்! லண்டன் செல்லோக் கலைஞர் மார்ட்டின் லவெட் நான்காவதாகச் சேர, 1948 ஜனவரி 10-ல் விக்மோர் ஹாலில் அரங்கேற்றம். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அதே நால்வர்! 1987-ல் வியோலா வாசித்த பீட்டர் ஷிட்லாஃப் காலமானார். அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க மற்ற மூவருக்கும் மனம் வரவில்லை. குழுவையே கலைத்துவிட்டார்கள்.

டூரை நிறுத்திய துணிச்சல்!

1933 ஏப்ரல் 1. யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாஜிகள் தெருவில் நின்ற நாள். தன் குவார்டெட்டோடு பெர்லினில் இருந்த வயலின் மேதை அடால்ஃப் புஷ் அதைப் பார்த்தார். அவர் யூதர் அல்ல. ஆனாலும் மீதி ஜெர்மன் கச்சேரிகளை அப்படியே ரத்து செய்தார். ஹிட்லர் ஆட்சி இருந்தவரை அங்கே அவர் வில்லைத் தொடவே இல்லை!

ஆளுக்கொரு ஹெலிகாப்டர்!

1995 ஜூன் 26, ஆம்ஸ்டர்டாம். ஆர்டிட்டி குவார்டெட்டின் நால்வரும் நான்கு ஹெலிகாப்டர்களில் ஏறிப் பறந்தபடியே வாசித்தார்கள்! ஹெட்ஃபோனில் கேட்ட தாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமலே! கீழே அரங்கில் இருந்தவர்கள் திரையிலும் ஸ்பீக்கரிலும் ரசித்தார்கள். இசையமைத்த ஸ்டாக்ஹவுசனுக்கு இந்த யோசனை வந்தது கனவில்!

சூரியக் காற்றுக்கு அப்பால் ஒரு கச்சேரி!

1977-ல் நாசா அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் ஒரு தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. நம் நாட்டின் கேசர்பாய் கேர்கரின் குரலும் அதில் உண்டு. கடைசிப் பாட்டு எது தெரியுமா? காது கேட்காத பீத்தோவன் எழுதிய 13-வது குவார்டெட்டின் ‘கவட்டினா’. வாசித்தவர்கள் அதே புடாபெஸ்ட் குழு! அந்த நால்வரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் வாசிப்பு 2012-லேயே சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டது. இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.

‘கவட்டினா’ ஆறரை நிமிடம்தான் வரும். இன்றைக்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள்!