இரட்சணிய யாத்திரிகத்தில் நம்பிக்கையுறுதியும் சமூக இழப்பும்

முன்னுரை

ஒருவர் தாம் மெய்யெனக் கண்ட சமயத்தை மனத்துள் ஏற்பது ஒன்று. ஊரும் உறவும் அறிய அதனை வெளிப்படுத்துவது மற்றொன்று. முன்னதற்குத் தெளிவு போதும். பின்னதற்குத் துணிவும் வேண்டும். எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை இந்நோக்கில் அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

இரு ஆசிரியர்கள்

இக்காப்பியத்தின் மூலநூல் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையாகும். அரசின் இசைவின்றிச் சமயப் பொழிவு ஆற்றியமைக்காகப் பன்யன் 1660 முதல் ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் இருந்தார். பொழிவைக் கைவிடுவதாக உறுதி கூறியிருந்தால் விடுதலை கிட்டியிருக்கும். பார்வையற்ற மகள் உள்ளிட்ட குடும்பம் வெளியே வறுமையுற்றிருந்தும் அவர் இணங்கவில்லை.

கிருஷ்ணப் பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையின் வைணவ வேளாளர் குடும்பத்தில் தோன்றி, கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். மணவுறவும் பந்தியும் சாதி ஒழுக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், சமயம் மாறுதல் உறவுகளின் நடுவே தமக்குரிய இடத்தை இழப்பதற்கு ஒப்பாகும்.

நாணம் என்னும் பகை

பன்யனின் கதைத்தலைவன், மனைவி மக்கள் அழைக்கவும் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவனுடன் செல்லும் பயணி (தமிழில் ‘நிதானி’) மாயச் சந்தை நகரில் எரிக்கப்படுகிறான். ஆயினும் அப்பயணி தன்னை மிகவும் வருத்திய பகையாகக் குறிப்பிடுவது நாணத்தையே. ‘பெரியோரும் செல்வரும் இந்நெறியில் இல்லையே, உலகம் நகைக்குமே’ என்பது அதன் வாதம். தீயினும் நகைப்பிற்கு அஞ்சும் மனித இயல்பைப் பன்யன் நுட்பமாக உணர்ந்திருந்தார். உலகின் மதிப்பீடு இறுதியானதன்று எனத் தெளிந்தபோதே அப்பயணி நாணத்தைக் கடக்கிறான். எனவே துணிவு என்பது அச்சமின்மையன்று. எதனை மேலாக மதிப்பது என்னும் தெளிவேயாகும்.

தமிழை விடாத துணிவு

கிருஷ்ணப் பிள்ளை சமயம் மாறினாரேயன்றி மரபைத் துறக்கவில்லை. 1894இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம் 5 பருவங்களில், 3766 பாடல்களில், கம்பரின் விருத்தநடையைப் பின்பற்றுகிறது. குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளை ஆசிரியர் விரித்துரைக்கிறார். இகழ்வாரிடையே அமைதி காக்கும் தலைவனை யாத்திரிகனுக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறது அப்பகுதி. உறவினர் அயலாக்கிய நிலையிலும் ஒருவர் தம் மொழிக்கு அயலாகவேண்டியதில்லை என்பதற்கு இந்நூலே சான்றாகிறது.

முடிவுரை

வகுப்பறையில் இக்காப்பியம் பெரும்பாலும் அணிநலனுக்காகவே பயிற்றப்படுகிறது. எச்சமயத்தைச் சார்ந்த மாணவராயினும், ‘மெய்யென நம்பியதற்காக எதனை இழக்க ஒருப்படுவோம்?’ என்னும் வினாவை இந்நூல் அவர்முன் வைக்கிறது. அவ்வினாவையும் சேர்த்துக் கற்பித்தலே இந்நூலுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.