தாது வருஷப் பஞ்சத்தில் வளர்ந்த சபை: சேத்துப்பட்டு மாதா கோவில் சொல்லும் கதை

திருவண்ணாமலை: தீபம், கிரிவலம் என்றால் லட்சக்கணக்கில் ஜனம் திரளும் மாவட்டம் இது. இதே மாவட்டத்தில் போளூர்-வந்தவாசி ரோட்டில் இருக்கிறது சேத்துப்பட்டு. ஊர் சின்னது. ஆனால் அங்கே உள்ள லூர்து மாதா கோவிலைப் பார்த்தால் வாய் பிளக்க வேண்டியதுதான். இந்தக் கிராமப்புறத்தில் இவ்வளவு பெரிய கோவில் எப்படி வந்தது? இதற்குப் பதில் தேட 1876-க்குப் போக வேண்டும்.

கஞ்சித்தொட்டி காலம்

பெரியவர்கள் இன்னமும் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அதுதான். 1876, 1877 என இரண்டு வருஷம் மழை பொய்த்துப் போனது. சென்னை மாகாணத்தில் பயங்கரமாக அடிபட்ட ஜில்லாக்களில் வடஆற்காடும் ஒன்று. 1878 வரை நீடித்த பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனதாகக் கணக்கு.

வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது? செலவு கூடுதே என்று நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தது. நாள் முழுக்க மண் வெட்டிய ஆளுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் மேலே கொஞ்சம் காசும்தான். அதே நேரத்தில் கப்பல் கப்பலாகத் தானியம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது!

முதலில் சுருண்டு விழுந்தது சேரி ஜனங்கள்தான். சொந்த நிலம் கிடையாது. பண்ணையில் படியாளாக உழைத்தவர்கள். விளைச்சல் இல்லை என்றதும் பண்ணை கைவிட்டு விட்டது.

அந்த நேரத்தில் இந்தப் பக்கம் வேலை செய்தவர் பிரான்சில் இருந்து வந்த தாராஸ் சாமியார். பாரீஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர். பஞ்ச நிவாரணம் கொடுத்த அவரிடம் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1916-ல் இறந்த அவரை 'வடஆற்காட்டின் அப்போஸ்தலர்' என்று கத்தோலிக்கர்கள் சொல்கிறார்கள். இப்படிச் சேர்ந்த ஜனங்களுக்காக எழும்பியதுதான் லூர்து மாதா கோவில்.

சேத்துப்பட்டு மட்டும் இல்லை. ஸ்கட்டர் குடும்பத்தினர் 1853-ல் ஆரம்பித்த அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ஆரணி பக்கம் வேலை செய்தது. திருவண்ணாமலை டவுனுக்கு டேனிஷ் மிஷன் வந்தது. டேனிஷ் மிஷன் ஸ்கூல் பெயர் இன்றைக்கும் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கஞ்சிக்காக மட்டுமா?

'கஞ்சிக்கு மதம் மாறினவங்கதானே' என்று ஏளனமாகச் சொல்வது உண்டு. அப்படியானால் பஞ்சம் முடிந்ததும் கலைந்து போயிருக்க வேண்டுமே? போகவில்லை. காரணம் எளிது. மிஷனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பண்ணையார் அடித்தால் தாசில்தாரிடம் போய்ப் பேச ஒரு ஆள் இருந்தார். பக்கத்து செங்கல்பட்டு ஜில்லாவில் சேரி மக்கள் படும் பாட்டை மிஷனரிகள் எழுதி எழுதி சர்க்காருக்கு அனுப்பினார்கள். அங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான உத்தரவு வந்தது.

கோவில் வந்தது, சாதி போகவில்லை

மதம் மாறினால் சாதி மாறிவிடுமா? தமிழ்நாட்டில் பல கோவில்களில் தனி இடம், தனி கல்லறை என்று சாதி உள்ளேயும் வந்து உட்கார்ந்து கொண்டது. உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் பலியானார்கள்.

சர்டிபிகேட்டில் என்ன சிக்கல்?

1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வர முடியும். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் புத்த மதத்தினரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் வெளியிலேயே நின்று விட்டார்கள்.

இதனால் என்ன ஆகிறது?

* தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். எஸ்.சி.க்கான 18 சதவீத ஒதுக்கீடு கிடையாது.

* இதே மாவட்டத்தில் வந்தவாசி, செங்கம் இரண்டும் தனித்தொகுதி. அங்கே போட்டியிட முடியாது.

* சாதி சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

* மாநில அரசின் கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகள் மட்டும் உண்டு.

இந்து மதத்துக்குத் திரும்பினால்? பழைய சாதியை நிரூபித்து, அந்தச் சமூகமும் ஏற்றுக்கொண்டால் எஸ்.சி. அந்தஸ்து கிடைக்கும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதாவது, ஒரே தெருவில் இருக்கும் அண்ணன் தம்பி வீடுகளில் ஒருவருக்கு எஸ்.சி. சர்டிபிகேட், இன்னொருவருக்கு பி.சி. சர்டிபிகேட் என்று வரலாம். தெருப் பெயர் என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மதத்தைப் பார்க்காமல் எஸ்.சி. அந்தஸ்து தரலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் பரிந்துரை செய்தது. 2022 அக்டோபரில் இதை ஆராய பாலகிருஷ்ணன் கமிஷனை மத்திய அரசு அமைத்தது. 2023 ஏப்ரல் 19-ந்தேதி தமிழக சட்டசபையும் தீர்மானம் போட்டது.

1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10-ந்தேதியைத் தலித் கிறிஸ்தவர்கள் வருஷா வருஷம் கறுப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். அன்றைக்குக் கறுப்புக்கொடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, காரணம் இதுதான்.