நீடித்து உழைக்கும் மடிக்கணினி

முன்பெல்லாம் பிள்ளை கல்லூரிக்குச் செல்கிறான் என்றால், வீட்டார் அவனுக்கு ஒரு தகரப் பெட்டியும் ஒரு கைக்கடிகாரமும் வாங்கித் தருவர். படிப்பு முடிந்த பின்னும் அந்தப் பெட்டி பல ஆண்டுகள் பரணில் இருக்கும். இன்று அவற்றின் இடத்தை மடிக்கணினி பிடித்துக்கொண்டது. அதன் விலையோ முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஏறிச் செல்கிறது. கூலி வேலையையும் கடல் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது ஓராண்டுச் சேமிப்பு. சில இல்லங்களில் அது அடகு வைத்த வளையல். சில இல்லங்களில் இருபத்து நான்கு மாதத் தவணை. தவணை முடியுமுன்னே பொருள் பழுதாகிவிட்டால், படிப்பும் தடைபடும், கடனும் நிற்கும். ஆதலின், எதை வாங்குவது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும்.

பலரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதே. அக்கேள்வியால் பெரும் பயன் இல்லை. ஒரே நிறுவனம் உறுதியான கருவியையும் செய்கிறது, மலிவுக்கென மெலிந்த கருவியையும் செய்கிறது. கேட்க வேண்டியவை வேறு இரண்டு: இந்தக் கருவி எந்த இடத்தில் முதலில் பழுதுபடும்? பழுதுபட்டால் அதை யார், எங்கே, எவ்வளவு செலவில் சரிசெய்து தருவார்?

முதலில் தாளில் எழுதுங்கள்

தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவருக்கும், கல்லூரி மாணவருக்கும் பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்ட கருவிகள் வழங்கப்பட்டன. எல்காட் என்னும் அரசு நிறுவனமே அவற்றைக் கொள்முதல் செய்தது. 2025-ஆம் ஆண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையிலும், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்குக் கருவி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது.

இத்தகைய அரசுக் கொள்முதலில் குடும்பங்கள் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. அரசு கடைக்குச் சென்று, பளபளப்பைப் பார்த்து வாங்குவதில்லை. திரை எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, மின்கலம் எத்தகையது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று முதலில் எழுதிக்கொள்கிறது; அதன் பிறகே விலை கேட்கிறது. நாமும் அவ்வாறே செய்யலாம். பிள்ளை என்ன படிக்கிறாள், கல்லூரி எந்த மென்பொருளைக் கேட்கிறது, நாள்தோறும் பேருந்தில் சுமந்து செல்வாளா, விடுதியில் வைத்திருப்பாளா என்று எழுதிக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், விற்பனையாளரின் பேச்சு நம்மை இழுத்துச் செல்லாது.

வணிகவியலும் கலைப் பாடமும் பயில்வோருக்கு 8 ஜி.பி. நினைவகம் போதும். பொறியியல், வரைகலை, கணினி அறிவியல் பயில்வோருக்கு 16 ஜி.பி. தேவைப்படும். நினைவகத்தைப் பின்னர் கூட்ட இடம் உள்ளதா, அல்லது பலகையோடு பற்றவைத்துவிட்டார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பற்றவைத்திருந்தால், இன்று வாங்கும் அளவோடு கடைசி வரை காலந்தள்ள வேண்டும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையாக இருக்கட்டும். பழைய வன்தட்டில் சுழலும் பகுதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அதிர்ச்சி பட்டாலே அது கெடக்கூடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பகுதி எதுவும் இல்லை.

கடற்காற்று என்னும் பகைவன்

நம் பகுதிக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. உப்புக் காற்று அந்தக் கல்லையே அரித்துச் சிற்பங்களின் முகங்களை மழுங்கச் செய்திருக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின் மீது அப்பி, உள்ளே ஊறிய உப்பை வெளியே இழுக்கின்றனர். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களையும் நட்டு வளர்த்தனர். கருங்கல்லுக்கே இந்நிலை என்றால், மயிரிழை போன்ற செம்புப் பாதைகள் கொண்ட கணினிப் பலகை எம்மாத்திரம்!

கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் ஆகிய ஊர்களில் அலையோரம் வாழ்வோர் இதை நன்கு அறிவர். மிதிவண்டிச் சங்கிலியும் சன்னல் கம்பியும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன! காற்றில் வரும் உப்பின் அளவு கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் மிக அதிகம். உள்ளே செல்லச் செல்ல வேகமாகக் குறையும். செங்கல்பட்டு நகரில் இருப்பவருக்கு இந்த அச்சம் குறைவு. மீனவர் குப்பத்தில் இருப்பவருக்கு மிகுதி.

மடிக்கணினியின் உள்ளே ஒரு சிறு விசிறி சுழன்று, வெளிக்காற்றை இழுத்துச் சூட்டைத் தணிக்கிறது. அந்தக் காற்றோடு உப்பும் தூசியும் சேர்ந்து உள்ளே புகுந்து பசைபோல் படிகின்றன. ஆகவே கடலோரத்தார், அடிமூடியைச் சாதாரணத் திருகாணிகளால் கழற்றிச் சுத்தம் செய்யத்தக்க கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பழகிய கைவினைஞரைக் கொண்டு உள்ளே துடைக்கச் செய்வது நல்லது. கடலைப் பார்த்த சன்னலின் கீழ் வைத்து வேலை செய்யாதிருப்பதும், வேலை முடிந்ததும் நன்கு மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைப்பதும் காசில்லாத காப்பு.

"இராணுவத் தரம்" என்று இப்போது பல கருவிகளின் மேல் அச்சிடுகின்றனர். மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1962-இல் வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. அதன் 'எச்' பதிப்பு 2019-இல் வந்தது. அதில் வீழ்ச்சி, அதிர்வு, வெப்பம், ஈரம், மணல், உப்புப் புகை எனப் பல சோதனைகள் உள்ளன. எவற்றைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிந்துகொள்கிறார். எல்லாவற்றிலும் தேறியதாக அதற்குப் பொருள் இல்லை. நம் கடற்கரைக்கு வேண்டியது உப்புப் புகைச் சோதனை. அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதில் இல்லையெனில் அந்த முத்திரைக்காக மிகுதிப் பணம் தர வேண்டாம்.

கீலும் மின்கலமும்

மடிக்கணினிகளில் எளிதில் உடையும் பகுதிகளுள் ஒன்று திரையைத் தாங்கும் கீல். மலிவான கருவிகளில் உலோகக் கீலை மெல்லிய பிளாஸ்டிக்கில் திருகியிருப்பர். பலமுறை திறந்து மூடியதும் பிளாஸ்டிக் விரிசல் காணக்கூடும். பின்பு திரையின் கம்பியும் அறுந்துபோகும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். திரையின் இரு மூலைகளையும் மெல்லப் பிடித்து அசைத்துப் பாருங்கள். விசைப்பலகையின் நடுவே விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் உடல் மெலிந்தது. வீட்டில், ஒரு மூலையைப் பிடித்துத் திரையைத் தூக்க வேண்டாம். விசைப்பலகை மீது எழுதுகோலை வைத்து மூடவும் வேண்டாம். திரை உடைவதற்கு இவையே பொதுவான காரணங்கள்.

அடுத்தது மின்கலம். இது தேயும் பொருள். பல கருவிகளில் 300 முதல் 500 முழு மின்னேற்றங்களுக்குப் பின் அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். சிறந்த வகைகள் 1000 வரை தாங்கும். அதைக் கெடுப்பது சூடு. பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு 35 பாகை செல்சியசு வரையான சூழல் வெப்பமே ஏற்றது என்று அவற்றின் கையேடுகள் கூறும். செங்கல்பட்டில் கத்திரி வெயில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து இயக்காதீர்கள், காற்றுவழி அடைபடும். நாள் முழுதும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்போர், 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். புதிய மின்கலம் தனியே கிடைக்குமா, விலை என்ன என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டறிவது அறிவுடைமை.

சார்ஜரையும் பாருங்கள். இந்தியத் தர நிறுவனத்தின் கட்டாயப் பதிவில் மடிக்கணினியும் அடங்கும், சார்ஜரும் அடங்கும். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவெண் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத மலிவுச் சார்ஜர், இருநூறு ரூபாயை மிச்சப்படுத்தி நாற்பதாயிரம் ரூபாய்க் கருவியைப் பலி வாங்கும். இடி மின்னல் வேளையில் இணைப்பைப் பிடுங்கி விடுங்கள்.

எங்கே செய்தது, எங்கே சரிசெய்வது

2025 ஜனவரியில் நம் செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்திலுள்ள ஏற்றுமதி மண்டலத்தில், சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தின் மடிக்கணினித் தொழிற்கூடத்தை மத்திய அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் திறந்து வைத்தார். தைவான் நாட்டு எம்.எஸ்.ஐ. நிறுவனத்திற்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் கருவிகளோடு தொடங்கி, பத்து லட்சமாகப் பெருக்குவது அதன் திட்டம். நம் மண்ணில் இத்தொழில் வளர்வது மகிழ்ச்சியே. எனினும், அருகில் செய்யப்படுவதால் மட்டும் அருகில் பழுதுபார்க்கப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையம் செங்கல்பட்டில் உள்ளதா, தாம்பரத்திலா, சென்னையிலா? வீட்டுக்கே ஆள் வருவாரா, நாம் சுமந்து செல்ல வேண்டுமா? இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். பெரும்பாலும் அது ஓராண்டுக்கே உரியது; தண்ணீர் கொட்டியதும், கீழே விழுந்ததும், உப்பரிப்பும் பொதுவாக அதில் சேரா. விபத்துக் காப்பு தனியே விற்கப்படும். கடலோரக் குடும்பங்களும் விடுதி மாணவரும் மூன்றாண்டு நீட்டிப்பைப் பெறுவது பெரும்பாலும் பயன் தரும். கருவியின் வரிசை எண் குறித்த ரசீதைக் கட்டாயம் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது கையில் இருந்தால், ஏமாற்றப்படும்போது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவது எளிது.

பழைய கருவி இழிவன்று

புதிதாக வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டாம். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்ற கருவிகள், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. அலுவலகப் பயனுக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை அவை. கழற்றிப் பூட்டும் முறையை விளக்கும் கையேடுகளை அவற்றின் நிறுவனங்களே வெளியிட்டுள்ளன. உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைக்கும். இருபதாயிரத்துக்கு வாங்கும் நல்ல பழைய கருவி, முப்பதாயிரத்துக்கு வாங்கும் மெலிந்த புதிய கருவியைவிட நீண்ட நாள் உழைப்பதுண்டு.

ஆனால் மூன்றைப் பார்த்தே வாங்குங்கள். முதலாவது, விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க வேண்டுமானால், இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருப்பது நலம். அதற்கும் பழையதாயின், இலவச லினக்ஸைக் கொண்டு எழுத்துப் பணிகளைச் செய்யலாம். இரண்டாவது, மின்கல அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கக் கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் தெரியும். மூன்றாவது, கடைக்காரர் எழுத்தில் தரும் உத்தரவாதம். வாய்ச்சொல் கடைவாசலோடு சரி.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்புப் பெற்றோரே! கணினி நமக்குத் தெரியாத துறை என்று கடையில் வாய்மூடி நிற்காதீர்கள். மீன் வாங்கும் தாய் செவுளைத் திறந்து பார்க்கிறாள். படகு வாங்கும் தந்தை பலகையைத் தட்டிப் பார்க்கிறார். அந்த அறிவே இங்கும் போதும். கீலை அசைத்துப் பாருங்கள், அடிமூடியைப் பாருங்கள், பழுதுபார்ப்பு நிலையத்தைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடை நமக்குரிய கடையன்று.

பிள்ளைகளே! தோழரின் கருவி மெல்லியது, பளபளப்பானது என்று ஏங்க வேண்டாம். உங்கள் கையிலுள்ள கருவியின் பின்னே பெற்றோரின் எத்தனை நாள் உழைப்பு நிற்கிறது என்பதை நினையுங்கள். அதைத் துடைத்து, சூடுபடாமல் காத்து, நான்காம் ஆண்டில் மின்கலத்தை மட்டும் மாற்றினால், உங்கள் படிப்பு முடிந்தபின் தம்பியோ தங்கையோ அதைக் கையில் எடுத்துக்கொள்வர். குடும்பத்திற்கு இன்னொரு கடன் மிச்சமாகும்.