குளக்கரையில் நடப்போம்

இதயநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் உறவினர்களும் எங்களிடம் தவறாமல் கேட்பது, ‘இனி நடக்கலாமா?’ என்பதாகும். நடக்கலாம் என்பது மட்டுமன்று, நடந்தே ஆக வேண்டும் என்பதே எங்கள் விடை. ஆயினும் மறுபரிசோதனைக்கு வரும்போது, அவர்களுள் பலர் வாசற்படியைத் தாண்டியிருப்பதில்லை. ‘மாரடைப்பு வந்த உடம்பு, எதற்கு வீண் அலைச்சல்?’ என்று வீட்டார் அன்பினால் தடுத்திருப்பர். நோயாளியோ, தெருவில் நின்று மூச்சு வாங்கினால் பார்ப்பவர் என்ன நினைப்பரோ என்று கூசியிருப்பார்.

அசையாதிருக்கும் உடல் விரைவில் தளர்கிறது. தசைகள் மெலிகின்றன, சிறு வேலைக்கும் இளைப்பு உண்டாகிறது, அந்த இளைப்பே நோய் முற்றியதன் அறிகுறி என்று அஞ்சி மேலும் படுக்கையை நாடுகின்றனர். இச்சுழலை உடைக்க, எங்கள் பிரிவில் நாங்கள் பரிந்துரைக்கும் எளிய இடம் ஒன்றுண்டு. அது ஊரின் குளக்கரை.

வட மாவட்டங்களில் ஏரி, தாங்கல் என்றும், தென்மாவட்டங்களில் கண்மாய், ஊருணி என்றும், எங்கும் குளம், குட்டை என்றும் வழங்கும் நீர்நிலைகள் நம் சிற்றூர்களின் அருகிலேயே உள்ளன. பூங்கா இல்லாத ஊர்கள் பல. குளம் இல்லாத ஊர் அரிது.

நிற்பதற்கும் ஒரு காரணம்

உடல்நலம் உள்ள பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நோயிலிருந்து மீள்பவர் இதனை ஒரே வாரத்தில் எட்ட முயல வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஐந்து அல்லது பத்து நிமிடம் போதும். நடந்து, சற்றே நின்று, மீண்டும் நடப்பதே அவர்களுக்கு உகந்த முறை. இதயம் வலுக்குறைந்தவர்க்கும், காலின் இரத்தக்குழாய் அடைப்பினால் கெண்டைக்கால் வலி உடையவர்க்கும் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

தெருவில் ஒருவர் நின்றால், ‘என்ன ஆயிற்று?’ என்று நால்வர் சூழ்ந்து கேட்பர். குளக்கரையில் நிற்பவரை எவரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே நிற்பது நோயினால் அன்று, எதையோ காண்பதற்காக. நோயாளி தம் இளைப்பை மறைக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். மூச்சு சீராகும் வரை ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பார்ப்பதற்கும் பஞ்சமில்லை. சேற்று நிறத்தில் அசையாது நிற்கும் மடையான், எழுந்து பறக்கும்போதுதான் தன் வெண்சிறகுகளைக் காட்டும். நீர்க்காகம் மூழ்கி மீன் பிடித்தபின், பட்ட மரக்கிளையில் அமர்ந்து சிறகுகளை விரித்துக் காயவைக்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறோரிடத்தில் எழும். அது எங்கே எழும் என்று பேரக்குழந்தைகளோடு பந்தயம் கட்டலாம். நீண்ட விரல்களால் தாமரை இலைகளின்மேல் நடந்து செல்லும் இலைக்கோழியில், முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுவது ஆண்பறவையே. பேணுதல் பெண்களின் கடமை என்று எண்ணும் ஆண்கள் இதைச் சற்று நின்று காணலாம்.

தாமரை காலையில் விரியும். இரவில் மலர்ந்த அல்லி, வெயில் ஏறியதும் கூம்பும். இரண்டையும் மலர்ந்த நிலையில் காண விரும்புவோர் சூரியன் எழும் வேளையிலேயே செல்ல வேண்டும். வெப்பம் குறைந்த அந்நேரமே இதயத்திற்கும் ஏற்றது. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பியபின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்கள் இதற்கு மிகவும் சிறந்தவை. வலசைப் பறவைகளையும் அப்போது காணலாம்.

எவ்வளவு நடக்கலாம்?

உடன் வருபவரோடு தடையின்றிப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு விரைந்திருக்கலாம். இதுவே சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் மூச்சு முட்டினால் வேகம் மிகுதி என்று அறிக. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்க்கு நாடித்துடிப்பு அதிகம் உயராது. ஆகவே அவர்கள் நாடியை எண்ணுவதைவிடப் பேச்சை அளவுகோலாகக் கொள்வதே நன்று.

மறந்துவிடக் கூடாதது ஒன்றுண்டு: சென்ற தொலைவைத் திரும்பியும் நடக்க வேண்டும். களைப்பு தோன்றும் முன்னரே, பாதி வலிமை மீதமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். முதல் சில வாரங்களுக்குத் தனியே செல்லாதீர்கள். மார்பெலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நாங்கள் அனுமதிக்கும் வரை இருசக்கர வாகனம் ஓட்டிச் செல்லக் கூடாது.

எச்சரிக்கைகள்

நீரிழிவு நோயாளிகள் எக்காரணம் கொண்டும் வெறுங்காலுடன் கரையில் நடக்கலாகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்க்கு முள் தைத்ததே தெரியாது. வீடு திரும்பியதும் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்வையிடுங்கள். தாழ்சர்க்கரைக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறிது சர்க்கரையோ இனிப்போ சட்டைப்பையில் இருக்கட்டும்.

நீரில் இறங்க வேண்டாம். எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீர், தோலின் சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலை உண்டாக்கக்கூடும். பாசி படிந்த படித்துறை, இளைஞரையும் வழுக்கிவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் கருவேல முள்ளிடமிருந்து விலகி நடக்க வேண்டும். கீறல் பட்டால் தூய துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். புதர்களிலும் வளைகளிலும் கைவிடாதீர்கள். பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கரைகளில் நிற்கும் மருதமரத்தின் பட்டை இதயத்திற்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அதைப் பெயர்த்துக் கஷாயம் வைப்போர் உண்டு. நீங்கள் உண்ணும் மாத்திரைகளோடு அது எவ்வாறு வினைபுரியும் என்பதைக் கருத வேண்டியுள்ளதால், எங்களிடம் சொல்லாமல் அருந்த வேண்டாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையிலேயே அதைப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிடில் 108-ஐ அழையுங்கள். ஆதலால் கைபேசியும் மாத்திரையும் இன்றிக் கரைக்குச் செல்லலாகாது.

ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல் உடையவர்களும், கால்வீக்கம் கூடி மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறியவர்களும் நடைப்பயிற்சியைத் தொடங்கும் முன் எங்களை வந்து காண வேண்டும்.

உடன் செல்பவர்க்கு

மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்து, இரவில் விழித்திருந்து களைத்தவர்கள் நீங்கள். வீட்டினுள் உங்கள் பேச்சு முழுவதும் நோயைப் பற்றியதாகவே சுருங்கிவிடுகிறது. குளக்கரையில் வேறு பேச்சு பிறக்கும். மடையும் கலிங்கும் எதற்கென்று, எந்த ஆண்டில் கரை உடைந்ததென்று, சிறுவயதில் எங்கே நீந்தினாரென்று உங்கள் தந்தையே சொல்லத் தொடங்குவார். பல மாதங்களாகப் பிறர் சொற்படி நடந்தவர், அங்கே சிறிது நேரம் பிறருக்குச் சொல்லித் தருபவராகிறார். மாத்திரைகளால் இதனைத் தர எங்களால் இயலாது.

‘மெதுவாக, மெதுவாக’ என்று அடிக்கு ஒருமுறை சொல்லாதீர்கள். அருகில் நடந்தால் போதும்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது ஒரு சிறு குறிப்பேடு கொண்டுவாருங்கள். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை இடத்தில் நின்றீர்கள், நின்ற இடத்தில் எதைக் கண்டீர்கள் என்று நாள்தோறும் ஒரு வரி எழுதினால் போதும். முதலிரண்டும் மருந்தின் அளவை முடிவுசெய்ய எங்களுக்கு உதவும். மூன்றாவதையும் நாங்கள் விருப்பத்துடன் படிப்போம்.