போட்டிக்கு எந்தத் துப்பாக்கி? தோட்டாவைக் கேளுங்கள்!

டில்லியின் தெற்கே துக்ளகாபாத் பகுதியில் டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காக அமைக்கப்பட்டது இது. பிகானீர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கர்ணி சிங், 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் 'டிராப்' பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர்.

ஒரு காலத்தில் இது மகாராஜாக்களின் பொழுதுபோக்கு. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 'டபிள் டிராப்' பிரிவில் வெள்ளி வென்றபின், சாதாரணக் குடும்பங்களும் இந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தன. நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவின் சார்பில் சுட்டார்.

இன்று அலுவலக குமாஸ்தாவின் பிள்ளையும், ஆலைத் தொழிலாளியின் பெண்ணும், "நானும் சேரட்டுமா?" என்று கேட்கக் கூடும். அப்போது வீட்டில் எழும் முதல் கேள்வி, செலவு என்ன என்பது. இரண்டாவது, எந்தத் துப்பாக்கி என்பது. இரண்டாவது கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால் முதல் கேள்வியின் விடை இரட்டிப்பாகிவிடும்.

ஆட்டம் என்ன?

இயந்திரம் ஒன்று வட்டமான தட்டை வானில் எறியும். தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம். 'களிமண் புறா' என்று பெயர் இருந்தாலும் அதில் களிமண் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து செய்வது. டிராப் பிரிவில் அது 76 மீட்டர் தொலைவு போய் விழும்படி எறியப்படும். அதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். டிராப்பில் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். ஆகவே ஒரு போட்டியில் 250 தோட்டாக்கள் வரை செலவாகலாம். ஒலிம்பிக் முறைப் போட்டிகளில் தோட்டாவில் உள்ள ரவை 24 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. துப்பாக்கி பன்னிரண்டு போருக்கு மிகக் கூடாது.

இந்த 24 கிராம் என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கித் தேர்வின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி

இரட்டைக் குழல் துப்பாக்கியை நாம் அறிவோம். இரண்டு தோட்டா, இரண்டு வெடி. பிறகு மடித்துத் திறந்து நிரப்ப வேண்டும். 'செமி ஆட்டோமாட்டிக்' என்ற அரைத் தானியங்கி வகையில் குழல் ஒன்றுதான். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. வெடித்தவுடன் காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றி, துப்பாக்கி தானே தயாராகிவிடும். விசையைப் பிடித்தபடியே இருந்தால் சரமாரியாகச் சுடும் ராணுவத் துப்பாக்கி வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதை முதலில் வெற்றிகரமாக உருவாக்கியவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். 1900-இல் காப்புரிமை பெற்றார். வின்செஸ்டர் கம்பெனியுடன் பேச்சு முறிந்தது. ரெமிங்டன் கம்பெனித் தலைவரைக் காண 1902 ஜனவரியில் காத்திருந்தபோது, அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியம் சென்று அங்கே தயாரிக்க ஏற்பாடு செய்தார். 'ஆட்டோ-5' என்ற அந்த மாதிரி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் விற்றது.

அதிலேயே ஒரு பாடம் இருந்தது. முன்கட்டைக்குள் உராய்வு வளையங்கள் உண்டு. கனத்த தோட்டாவுக்கு ஒரு மாதிரியும் லேசான தோட்டாவுக்கு வேறு மாதிரியும் அவற்றை மாற்றி அடுக்க வேண்டும். மாற்றாமல் லேசான தோட்டாவைப் போட்டால் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும்.

இரண்டு முறைகள்

இன்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 'காஸ்' முறை. குழலின் சிறு துளைகள் வழியாக வெடிவாயுவில் கொஞ்சம் எடுத்து, அதைக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுவது. ஆலையில் நீராவி, டீசல் இயந்திரங்களுடன் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உதை ஒரே அடியாக விழாமல் சற்றுப் பரவி விழுவதால் தோளுக்குச் சுகம். நாளெல்லாம் சுடுபவருக்கு, அதிலும் மெலிந்த உடல்வாகு கொண்ட இளைஞருக்கும் பெண்களுக்கும் இது பெரிய லாபம். உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தப் பயிற்சியாளராலும் அதை எளிதில் போக்க முடியாது. குறை என்னவென்றால், வாயுவோடு கரியும் வரும். துளையும் பிஸ்டனும் அடைத்துக்கொள்ளும்.

1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையில் புகழ்பெற்றது. நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் உள்ளே ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது வெடித்தால் வாயு கசிந்து துப்பாக்கி ஓடாது. மிகச் சிறிய பொருள். ஆனால் அது இல்லாமல் பெரிய பொருள் வேலை செய்யாது. அனுபவசாலிகள் பையில் இரண்டு உபரி வளையம் இல்லாமல் மைதானத்துக்குப் போவதில்லை.

மற்றது 'இனர்ஷியா' முறை. 1967-இல் தொடங்கிய இத்தாலியின் பெனெல்லி கம்பெனி இதற்குப் பேர்போனது. வாயுவைத் தொடுவதே இல்லை. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது, பூட்டுக்குள் இருக்கும் கனத்த வில் அழுந்தி, மீண்டும் விரிந்து, பூட்டைத் திறக்கிறது. கரி சேராது, துடைப்பது சுலபம். ஆனால் உதையை நம்பியே வாழ்வதால், உதை குறைந்தால் தடுமாறும். 24 கிராம் தோட்டா லேசானது. துப்பாக்கியின் எடையைக் கூட்டினாலும், தோளில் தளர்வாகப் பிடித்தாலும், சில துப்பாக்கிகள் காலித் தோட்டாவைச் சரியாகத் தள்ளாது. பூட்டை மெல்ல விட்டு மூடினால் முழுதும் பூட்டாமல் நின்று, விசையை இழுக்கும்போது 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். பூட்டைச் சட்டென்று விட வேண்டும்.

ஆகவே லேசான தோட்டா, நிறைய வெடி, தோள் சுகம் என்றால் காஸ் முறை ஏற்றது. கனத்த தோட்டா, குறைந்த பராமரிப்பு என்றால் இனர்ஷியா முறை. 1526-ஆம் ஆண்டிலேயே துப்பாக்கிக் குழல் விற்ற பெரெட்டா கம்பெனி ஆயிற்றே, பழம்பெயராயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பெயர் நல்லதுதான்; ஆனால் உங்கள் தோட்டா அதில் ஓடுகிறதா என்பதே கேள்வி.

கோளாறுக்கும் கணக்கு உண்டு

போட்டியில் துப்பாக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும்? சுடுபவர் அசையாமல், குழல் முனையை மைதானப் பக்கமே வைத்து, துப்பாக்கியைத் திறக்காமல் நடுவருக்காகக் காத்திருக்க வேண்டும். கோளாறு துப்பாக்கியுடையது என்று நடுவர் ஒப்புக்கொண்டால் மறு தட்டு கிடைக்கும். சரியாக மூடாதது, பாதுகாப்புப் பூட்டை எடுக்க மறந்தது போன்றவை சுடுபவர் தவறு. தட்டு போனது போனதுதான். 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்றில் இத்தகைய சலுகை இரண்டு முறைதான். ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் இறுதிச் சுற்றை இழந்தவர்கள் ஏராளம்.

டிராப், ஸ்கீட் போட்டிகளில் முன்னணியினர் பெரும்பாலும் மேல்-கீழ் இரட்டைக் குழல் துப்பாக்கியையே எடுப்பதற்கு இதுவும் காரணம். அதில் ஓடும் பாகங்கள் குறைவு. இரு குழலுக்கும் வேறு வேறு 'சோக்' அமைத்து, கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அரைத் தானியங்கிக்கு ஒரே குழல், ஒரே சோக். காலித் தோட்டா வலப்பக்கம் பறந்து பக்கத்து ஆட்டக்காரர் மேல் விழுவதும் உண்டு.

வாங்குமுன்

முதலில் தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்தால் பார்வை நேரே குழலின் மேல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கட்டையின் நீளமும் சாய்வும் பொருந்தவில்லை. சில மாதிரிகளில் தகடுகளை மாற்றி இதைச் சரிசெய்யலாம். இடக்கைக்காரர் அதற்கான மாதிரியைக் கேட்க வேண்டும்.

அடுத்து, போட்டியில் எந்தத் தோட்டாவைச் சுடப் போகிறீர்களோ அதையே போட்டு, துடைக்காமல் 250 வெடி சுட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடங்கலையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய துப்பாக்கி என்றால் வில்லையும் காலித் தோட்டாவைப் பிடித்திழுக்கும் கொக்கியையும் சோதியுங்கள். உபரி பாகம் இந்தியாவில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத பாகத்துக்காக ஒரு பருவம் முழுதும் துப்பாக்கி அலமாரியில் கிடக்கலாம். வாங்கிய பிறகு எண்ணெயைக் குறைவாகவே போடுங்கள். டில்லிக் கோடையின் புழுதி எண்ணெயில் ஒட்டிச் சேறாகும். குளிர்காலத்தில் கெட்டி கிரீஸ் பூட்டை மந்தமாக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2016-ஆம் ஆண்டு விதிகளில் அரைத் தானியங்கிக்கு இரட்டைக் குழலைவிடக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. எனவே கடைக்குப் போகுமுன் சங்கத்தையும் உரிமம் வழங்கும் அதிகாரியையும் கேட்பது அறிவுடைமை. புதிதாகச் சேர்பவர் முதல் வருஷம் சங்கத்தின் துப்பாக்கியிலேயே பழகலாம். பணமும் மிஞ்சும், தன் தோளுக்கும் கைக்கும் எது ஒத்துவரும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரட்டைக் குழலை மடித்தால் காலியா, நிறைந்ததா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அரைத் தானியங்கியில் தெரியாது. கடைசித் தோட்டா போய்விட்டது என்று எண்ணியிருக்கும்போது இன்னொன்று உள்ளே இருக்கலாம். சுடும் இடத்தை விட்டு நகருமுன் பூட்டைத் திறந்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாளிலேயே பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிடுங்கள். தட்டை உடைப்பதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.